விரல் பிடிக்கு ஏற்றபடி வில்லைச் சரிசெய்தல்: புதியவர்களுக்கு

புது வில் வாங்கியவர்களின் முதல் மாத முறைப்பாடுகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். நாணை விட்டதும் 'டங்' என்று காது அதிரச் சத்தம். அம்பு வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு போகிறது. வில்லைப் பிடித்த கை மணிக்கட்டு வரை உதைக்கிறது. உடனே அம்பை மாற்றுவார்கள், நாணை மாற்றுவார்கள், காசும் போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று. நாணை எத்தனை விரலால், அம்புக்கு மேலேயா கீழேயா பிடித்து இழுக்கிறீர்கள்? உங்கள் வில் எந்தப் பிடியை நினைத்துச் செய்யப்பட்டது? இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலே சொன்ன மூன்று கோளாறும் வரும்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுப்பித்த வில்லை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வைத்துப் பிரித்தால், திருத்திக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கே சொல்லும் வேலைகள் எல்லாம் வீட்டு மேசையிலும் பாடசாலை மைதானத்திலும் செய்யக்கூடியவை. அளவுகளை அங்குலத்திலும் நூலிலும் தருகிறோம். தச்சு வேலைக் கணக்குப்படி ஒரு நூல் என்பது 1/8 அங்குலம், ஏறக்குறைய 3 மி.மீ.

பேச்சுக்குச் சில பெயர்கள்: வில்லின் நடுக்கட்டை ரைசர். மேலும் கீழும் வளையும் இரண்டு கைகள் லிம்ப். அம்பு உட்காரும் விளிம்பைத் தட்டு என்போம். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு நொக். அந்த நொக் உட்காருவதற்காக நாணில் கட்டும் முடிச்சு நொக் புள்ளி.

முதலில் பிடி

பொதுவாக இரண்டு பிடிகள். ஒன்று, ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. இதை 'ஒன்று மேல்' என்போம். மற்றது, மூன்று விரலும் அம்புக்குக் கீழே. இது 'மூன்றும் கீழ்'. இரண்டில் எது சிறந்தது என்று வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மூன்றும் கீழ் பிடியில் அம்பு கண்ணுக்குக் கிட்ட வருகிறது. ஆகவே 10, 15 மீற்றர் தூரத்தில் அம்பு முனையை வைத்துக் குறிபார்ப்பது இலேசு. ஒன்று மேல் பிடியில் அம்பு முகத்தில் சற்றுத் தாழ்வாக நிற்கும். முனையை நேரே இலக்கில் வைத்து விடும் தூரம் தள்ளிப்போகும். குறிபார்க்காமல் உணர்வால் விடுகிறவர்களில் பலர் இதையே விரும்புகிறார்கள். பாரம்பரிய வில்களில் பெரும்பாலானவை இந்தப் பிடியை வைத்தே செய்யப்படுகின்றன. புதியவர்கள் பலர் மூன்றும் கீழ் பிடியில் பழகுகிறார்கள். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

எதைத் தெரிவுசெய்தாலும் சரி, தெரிவுசெய்த பிறகு ஒரு மாதமாவது அதை மாற்றாதீர்கள். இன்று ஒரு பிடி, நாளை ஒரு பிடி என்றால் வில்லில் எந்த அளவை வைத்தாலும் நிற்காது. அந்த மாதத்தில் வில்லின் அளவுகளில் கைவைக்கவும் வேண்டாம்.

பிடி நிலைத்துவிட்டதா என்பதைத் தோல் பட்டையே காட்டிக் கொடுக்கும். விரலுக்குப் போடும் தோல் பட்டையை, முப்பது அம்பு விட்ட பின் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நாண் அழுத்திய பள்ளம் ஒரே கோடாக, மூன்று விரலின் முதல் மடிப்பை ஒட்டி ஓடினால் நல்லது. இரண்டு மூன்று கோடுகள் பக்கம் பக்கமாகக் கிடந்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஆழத்தில் கொக்கி போடுகிறீர்கள். மோதிர விரலின் இடத்தில் மட்டும் தோல் பளபளவென்று மழுங்கி, ஆள்காட்டி விரலின் இடத்தில் கோடே இல்லையென்றால், சுமை முழுவதும் கீழே இறங்கிவிட்டது. இப்படி இழுக்கிறவர் ஒன்று மேல் பிடி பிடித்தாலும், வில்லைப் பொறுத்தவரை அவர் ஏறக்குறைய மூன்றும் கீழ் ஆள்தான். வில்லுக்கு விரலின் எண்ணிக்கை தெரியாது, சுமை விழும் இடம் மட்டுமே தெரியும். நடுவிரல் அதிகமாகவும், மற்ற இரண்டும் கொஞ்சம் குறைவாகவும் தாங்குவதே பழகவேண்டிய பிடி.

விரல் நுனியால் நாணைப் பிடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: நாண் உருண்டு சுழலும், அம்பு பக்கவாட்டில் சிதறும். அதை எந்தத் திருகாணியும் திருத்தாது. முதல் மடிப்பு வரை கொக்கி போட்டு, புறங்கையைத் தட்டையாக விடுங்கள்.

ஏன் வில்லுக்குத் தெரிகிறது

அம்புத் தட்டு வில்லின் சரியான நடுவில் இருப்பதில்லை. நடுவிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும். நொக் அதற்கும் மேலே. ஒன்று மேல் பிடியில் விரல்கள் நொக்கைச் சுற்றியே இருப்பதால் இழுவை நடுவுக்கு மேலே விழுகிறது; மேல் லிம்ப் கொஞ்சம் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. ஆகவே வில் செய்கிறவர்கள் மேல் லிம்பைச் சற்று இளக்கமாகவும் கீழ் லிம்பைச் சற்று விறைப்பாகவும் விடுகிறார்கள். மூன்று விரலையும் கீழே இறக்கியதும் இழுவை வில்லின் நடுவை நெருங்குகிறது. இப்போது இரண்டு லிம்பும் ஏறக்குறைய சமமாக வளைய வேண்டும், கீழ் லிம்புக்கு முன்பைவிட அதிக பங்கு. அந்த விறைப்பு வித்தியாசம் அப்படியே இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி வராது. அந்தத் தள்ளாட்டம்தான் சத்தமாகவும் உதையாகவும் வெளியே தெரிகிறது.

இந்த வித்தியாசத்துக்குப் பெயர் டில்லர். நாணேற்றிய வில்லில், மேல் லிம்ப் ரைசரோடு சேரும் இடத்திலிருந்து நாணுக்குள்ள தூரம் ஒன்று. கீழே அதே இடத்திலிருந்து நாணுக்குள்ள தூரம் மற்றொன்று. மேல் தூரத்தில் கீழ் தூரத்தைக் கழித்தால் டில்லர். விடை கூட்டலில் வந்தால் மேல் லிம்ப் இளக்கம்.

ஒன்று மேல் பிடிக்கு மேலே 1 முதல் 2 நூல் கூடுதல், அதாவது 3 முதல் 6 மி.மீ. மூன்றும் கீழ் பிடிக்குச் சமம். அல்லது கீழே 1 நூல் வரை கூடுதல். தொடங்குவதற்கு இந்த அளவுகள் போதும், பிறகு வில் சொல்வதைக் கேளுங்கள்.

அளவெடுக்கும் முன்

தேவையானவை அதிகமில்லை: எஃகு அடிமட்டம், தச்சரின் மூலைமட்டம், பென்சில், மெழுகு பூசிய மெல்லிய நைலோன் நூல், நாணேற்றும் கயிறு. மெழுகு நூல் செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும். தடித்ததாக இருந்தால் இழை பிரித்துக்கொள்ளுங்கள். காலை உள்ளே விட்டு வில்லை வளைத்து நாணேற்றாதீர்கள், கயிற்றையே பாவியுங்கள். லிம்ப் முறுகினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது. அந்தச் சக்தி போக வேறு இடமில்லாமல் லிம்புக்குள்ளேயே அடிக்கும். கண்ணாடிநார் ஒட்டு விடுவதும் மரம் வெடிப்பதும் அப்படித்தான்.

முதலில் நாண் உயரம். கைப்பிடியின் மிக ஆழமான இடத்திலிருந்து நாண் வரை அளவெடுங்கள். முனைகள் வெளிப்பக்கம் திரும்பி வளைந்த ரிகர்வ் வில் 58 முதல் 62 அங்குலம் என்றால் அதற்கு 7¼ முதல் 8¼ அங்குலம், நேர் லோங்போவுக்கு 6½ முதல் 7½ அங்குலம் வழக்கம். வில்லோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாளே சரி. குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். நாணை இறக்கி, ஒரு முனையைக் கழற்றி, மூன்று முறுக்கு ஏற்றி, மறுபடி மாட்டி, ஆறு அம்பு விடுங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் சத்தத்தைக் கவனித்தால் ஓர் இடத்தில் 'டங்' என்பது 'தப்' என்று மாறும். அதைத் தாண்டி ஏற்றினால் மறுபடி கடுமையாகும். மாறிய இடத்தில் நிறுத்தி, அளவை எழுதி வையுங்கள். புது நாண் என்றால் முதல் நூறு அம்புக்குள் நீளும், திரும்ப முறுக்க வேண்டிவரும்.

சத்தத்துக்கு இன்னொரு காரணத்தையும் இங்கேயே கழித்துவிடலாம்: மிகவும் இலேசான அம்பு. இழுவைப் பாரம் (நாணை முழுதாக இழுக்கத் தேவையான பலம்) 30 இறாத்தல் உள்ள வில்லுக்கு முனையோடு சேர்த்து 16 முதல் 20 கிராம் உள்ள அம்பு நல்லது. நகைக்கடைத் தராசில் வைத்தால் ஒரு நிமிட வேலை.

டில்லரைத் தொடலாமா?

எந்த வில் என்பதைப் பொறுத்தது. எங்கள் அபிப்பிராயம்: பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு டில்லரைத் தொட வேண்டிய அவசியமே வராது. நொக் புள்ளியை ஏற்றியிறக்கியே வேலை முடிந்துவிடும். ஆனாலும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம், இல்லாவிட்டால் பிறகு எதனால் எது வந்தது என்று தெரியாது.

லிம்ப்களைத் திருகாணியால் பூட்டும் ஐஎல்எஃப் வகை வில் என்றால் வேலை சுலபம். நாணேற்றி, லிம்ப் ரைசரின் பொருத்தத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அடிமட்டத்தை நாணுக்குச் செங்குத்தாக வைத்து மேலும் கீழும் அளவெடுங்கள். மேலே 190 மி.மீ., கீழே 185 என்றால் டில்லர் கூட்டல் 5. மூன்றும் கீழ் பிடிக்காரருக்கு இதைச் சமமாக்க வேண்டும். நாணை இறக்குங்கள். பூட்டுத் திருகாணி இருந்தால் தளர்த்துங்கள். மேல் திருகாணியை அரைச் சுற்று உள்ளே, கீழ்த் திருகாணியை அரைச் சுற்று வெளியே. இப்படி ஒன்றை இறுக்கி மற்றதைத் தளர்த்தினால் வில்லின் இழுவைப் பாரம் பெரிதாக மாறாது. ஒன்றை மட்டும் திருப்பினால் மாறும். நாணேற்றி, நான்கைந்து முறை இழுத்து மெதுவாகத் திரும்ப விட்டு, மறுபடி அளவெடுங்கள். இழுக்காமல் அளந்தால் லிம்ப் இன்னும் இருக்கையில் அமர்ந்திருக்காது, பொய் அளவு வரும். திருகாணியை எவ்வளவு வெளியே எடுக்கலாம் என்ற எல்லை வில்லோடு வரும் தாளில் இருக்கும். அதைத் தாண்டினால் லிம்ப் கழன்று முகத்துக்கு வரலாம். தாள் இல்லையென்றால் முழு இறுக்கத்திலிருந்து இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

கண்ணாடிநார் பூசிய ஒற்றைத்துண்டு வில்லில் டில்லரை மாற்ற வழியில்லை. உரசிக் கழிக்கப் பார்க்காதீர்கள், மேற்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கேயே பிரியத் தொடங்கும். இரண்டு நூல் கூட்டல் டில்லரோடு வந்த வில்லை மூன்றும் கீழ் பிடியில் தாராளமாகப் பாவிக்கலாம். நொக் புள்ளி கொஞ்சம் உயரமாகப் போகும், அவ்வளவுதான். புதிதாகச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் உங்கள் பிடியைச் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மரம், மூங்கில் வில் வேறு கதை. அதைச் சுரண்டலாம், ஆனால் சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. விறைப்பான லிம்பின் வயிற்றுப் பக்கத்தை, அதாவது உங்களைப் பார்க்கும் பக்கத்தை, கண்ணாடித் துண்டாலோ கத்தி முதுகாலோ நீளவாக்கில் ஒரே சீராகப் பத்து இழுப்பு. பிறகு நாணேற்றி இருபது முறை அரை இழுவை. பிறகு அளவு. முதுகுப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். மூங்கில் என்றால் அந்தத் தோல்தான் வில்லின் உயிர். சுரண்டச் சுரண்ட இழுவைப் பாரம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தட்டு வெட்டாத, கைப்பிடி இருபுறமும் ஒரே மாதிரியான மர வில் என்றால் அதற்கு முன் இலவசமான ஒரு வழி இருக்கிறது: தலைகீழாகத் திருப்பிப் பிடித்து விட்டுப் பாருங்கள். ஒரு நூல் கூட்டலாக இருந்த டில்லர் ஒரு நூல் கழித்தலாக மாறும். மூன்றும் கீழ் பிடிக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

நொக் புள்ளி

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நாணேற்றிய வில்லில் மூலைமட்டத்தின் ஒரு கையை நாணோடு ஒட்டி, மற்றக் கையின் கீழ் விளிம்பு தட்டைத் தொடும்படி வையுங்கள். அந்தக் கீழ் விளிம்பு நாணைச் சந்திக்கும் இடத்தில் பென்சில் கோடு. இதுதான் சுழியம். இங்கிருந்து மேலே அளந்து, அம்புக்கு மேலே உட்காரும் முடிச்சின் அடிப்பக்கம் எங்கே வரவேண்டும் என்று குறியுங்கள்.

ஒன்று மேல் பிடிக்கு 4 நூல், அதாவது அரை அங்குலம், 12 முதல் 13 மி.மீ. மூன்றும் கீழ் பிடிக்கு 5 முதல் 6 நூல், 16 முதல் 19 மி.மீ. தொடங்கும்போது இதைவிட ஒரு நூல் உயரமாகவே தொடங்குங்கள். காரணம் பின்னால் வரும்.

கட்டுவது இப்படி: மெழுகு நூலை நாணுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் ஒரு அரை முடிச்சு, பிறகு பின்னால் ஒரு அரை முடிச்சு, மாறி மாறி ஆறேழு. ஒவ்வொன்றையும் முன்னதற்கு நெருக்கமாக இறுக்குங்கள். கடைசியில் இரட்டை முடிச்சு, மிச்சத்தை வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் தொட்டுத் தொடாமல் உருக்குங்கள். நாணைச் சுற்றிக் கட்டியிருக்கும் காப்பு இழை (சுற்றிழை) உருகாதபடி கவனம். இப்போதைக்குப் பசை வேண்டாம். இறுக்கமாகக் கட்டிய முடிச்சை விரலால் திருகினால் திருகாணி மாதிரி நாணின் சுற்றிழையில் ஏறியிறங்கும், அரை மி.மீ. நகர்த்த அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. பித்தளை வளையத்தை நசுக்கிப் போட்டால் இந்த வசதி கிடைக்காது. தோல் பட்டையையும் அறுக்கும்.

மூன்றும் கீழ் பிடிக்காரர்களுக்கு இரண்டாவது முடிச்சு அவசியம், நொக்கிற்குக் கீழே. ஆள்காட்டி விரல் நொக்கைக் கீழிருந்து தள்ளுகிறது. கீழே ஒன்றும் இல்லாவிட்டால் விடும் கணத்தில் நொக் நாணில் சறுக்கி இறங்கும், ஒரே அம்பு ஒருமுறை உயரமாகவும் ஒருமுறை தாழ்வாகவும் குத்தும். மேல் முடிச்சுக்கும் கீழ் முடிச்சுக்கும் இடையில் நொக் இறுகக் கூடாது. முழுதாக இழுக்கும்போது நாண் மடிந்து கோணமாகும். இடைவெளி போதாவிட்டால் முடிச்சுகள் நொக்கைக் கிள்ளும். நொக்கின் தடிப்போடு ஒரு மி.மீ. சேர்த்து விடுங்கள்.

நொக் நாணைப் பிடிக்கும் இறுக்கத்தையும் பாருங்கள். அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். விழக்கூடாது. நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழவேண்டும்.

விரல் நொக்கைத் தொடலாமா? தொடாமலிருப்பது நல்லது. ஒன்று மேல் பிடியில் ஆள்காட்டி விரல் நொக்கின் தலையை அமுக்கினால் அம்பின் முன்பக்கம் தட்டைவிட்டு எழும்பும். மூன்றும் கீழ் பிடியில் அதே விரல் நொக்கை மேலே தள்ள, அம்பு தட்டில் அழுந்தி வளைந்து, விட்டதும் துள்ளும். இழுக்கும்போது பக்கத்திலிருந்து ஒருவரைக் கைபேசியில் காணொளி எடுக்கச் சொன்னால் இரண்டும் பட்டவர்த்தனமாகத் தெரியும். நொக்குக்கும் விரலுக்கும் இடையில் 2 மி.மீ. விட்டுப் பழகுங்கள்.

இறகில்லாத அம்பு சொல்லும் உண்மை

இறகு பல பிழைகளை மறைத்துவிடும். ஆகவே ஒரே வகை அம்பில் மூன்றை இறகோடும், இரண்டை இறகு நீக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். இறகு நீக்கியதில் வாலில் கொஞ்சம் ஒட்டுநாடா சுற்றிப் பாரத்தை ஈடுசெய்யலாம். மூன்று இறகும் சேர்ந்து ஏறக்குறைய அரை கிராம்தான்.

இலக்குக்கு, உரப் பைகளில் பழைய துணியையும் பொலித்தீனையும் அடித்து நிரப்பினால் போதும். பின்னால் மண்மேடு இருக்கட்டும். லயத்தின் பக்கமோ, கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கும் குறுக்குப் பாதையின் பக்கமோ ஒருபோதும் வேண்டாம். தேயிலைச் செடிக்குள் போன அம்பைத் தேடுவது தனித் தண்டனை, அதற்காகவாவது மண்மேட்டைத் தெரிவுசெய்யுங்கள். சோதனைக்கு வில்லும் இலக்கும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். சரிவில் மேலிருந்து கீழே விட்டுக்கொண்டு நொக் புள்ளியைத் திருத்த முடியாது. உடம்பு சாயும், பிடியும் மாறும். மலைநாட்டில் சமதரை அரிதுதான், பாடசாலை மைதானமோ தோட்ட மைதானமோ ஆளில்லாத நேரத்தில், அனுமதியோடு.

முதலில் 8 மீற்றரிலிருந்து. இறகுள்ள மூன்றை விடுங்கள், பிறகு இறகில்லாத இரண்டை, அதே புள்ளிக்கு. முதலில் உயரத்தை மட்டும் பாருங்கள், இடம் வலத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். இறகில்லாதது தாழ்வாகக் குத்தி, வால் மேலே தூக்கி நின்றால் நொக் புள்ளி உயரம். அரை நூல் இறக்குங்கள். உயரமாகக் குத்தி வால் தொங்கினால் நொக் புள்ளி தாழ்வு, ஏற்றுங்கள். ஒரே உயரத்தில் வந்ததும் 15 மீற்றருக்குப் போய் இதையே செய்யுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம். நொக் புள்ளி மிகத் தாழ்வாக இருந்தால், அம்பின் வால் தட்டில் மோதி மேலே எகிறும். பார்வைக்கு 'வால் உயரம்' மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் இறக்குவார்கள், இன்னும் மோதும். உயரமாகத் தொடங்கி இறங்கி வரச் சொன்னது இதனால்தான். சந்தேகம் வந்தால் தட்டில் சோக்குத் தூளைத் தடவி ஓர் அம்பை விடுங்கள். தூளில் மெல்லிய ஒற்றைக் கோடு இருந்தால் சுத்தம். பின் விளிம்பில் நகத்தால் கிள்ளியது போல் ஒரு வெட்டும், அம்பின் வால் பக்கம் அடியில் வெள்ளைத் திட்டும் இருந்தால் மோதுகிறது. ஒரு நூல் ஏற்றி மறுபடி தொடங்குங்கள்.

மூன்றும் கீழ் பிடியில் நொக் புள்ளி 7 நூலைத் தாண்டியும் மோதல் நிற்கவில்லையென்றால், அப்போதுதான் டில்லருக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் விரல் நொக்கை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். டில்லரில் அரைச் சுற்று மாற்றினாலும் நாண் உயரம், நொக் புள்ளி இரண்டையும் திரும்ப அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உயரம் சரியான பிறகு இடம் வலம். வலக்கையால் இழுப்பவருக்கு, இறகில்லாத அம்பு வலப்பக்கம் விழுந்தால் அம்புத் தண்டு இளக்கம்: முனையின் பாரத்தைக் குறைக்கலாம், அல்லது தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டலாம். இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு: முனையின் பாரத்தைக் கூட்டுங்கள். இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறி. வெட்டுவதற்கு முன் முனையை மாற்றிப் பார்ப்பதே புத்தி.

பிடியை மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒன்று மேல் பிடியிலிருந்து மூன்றும் கீழுக்குப் போனால், வாயோரத்தில் ஆள்காட்டி விரலை வைக்கும் பழக்கம் அப்படியே இருக்க, அம்பு ஒரு விரல் தடிப்பு முகத்தில் மேலேறும். பழைய குறியிலேயே விட்டால் அம்பு தாழ்வாகக் குத்தும். அது வில்லின் கோளாறு அல்ல, புதுக் குறியைப் பழகுங்கள். நாணில் விரலைத் தூரத்துக்கேற்ப இறக்கி இழுக்கும் முறை, குறிபார்க்கும் கருவியில்லாமல் விடும் பேர்போ பிரிவில் உண்டு, ஆனால் அது டில்லரை இன்னும் கலைக்கும்; மர வில்லில் முயற்சிக்கவே வேண்டாம்.

கட்டைவிரலால் இழுப்பவர்களுக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தா. அம்பு வில்லின் மறுபக்கத்தில் உட்காரும், பிடி நொக்குக்கு நேர் கீழே ஒரே இடத்தில் விழும். 2 நூலிலிருந்து தொடங்கி, இறகில்லாத அம்புச் சோதனையை மட்டும் அப்படியே செய்யுங்கள். இடம் வலக் குறிப்பும் மாறிவிடும்.

மூடுபனியும் மழையும்

ஒரு நாள் சரிசெய்த வில் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள், குறிப்பாக மர வில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் நாட்கணக்காக ஈரம். அதே காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று காயவைக்கும். பதுளை, பசறைப் பக்கம் மழை அதிகம் காண்பது வடகீழ்ப் பருவத்தில். ஈரம் ஏறிய மர வில் இழுவைப் பாரம் இழக்கும், நாணை இறக்கிய பிறகும் வளைந்தே நிற்கும். இரண்டு லிம்பும் ஒரே அளவில் இளகுவதில்லை, அதனால் டில்லரும் நகரும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை டில்லரை அளந்தால், வில் கெட முன்பே தெரிந்துவிடும்.

ஈரம் என்பதற்காக அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது இன்னும் மோசம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மரம் வெடிக்கும். நாணை இறக்கி, உட்சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ் லிம்ப் முறுகும். மர வில்லுக்கு மெழுகுப் பூச்சோ வார்னிஷோ கட்டாயம்.

நாணுக்குத் தேன்மெழுகு. நாணின் இழை வெள்ளையாகப் பஞ்சு பறக்கத் தொடங்கினால் மெழுகு தேவை, விரலால் தேய்த்துச் சூடாக்கி உள்ளே இறக்குங்கள். முனைகள் பலப்படுத்தப்படாத பழைய வில்லுக்கும் மர வில்லுக்கும் கொஞ்சம் நீண்டுகொடுக்கும் டக்ரோன் நாண் மட்டும். நீளாத புதுவகை நாண் முனையைப் பிளக்கும். இறகு நனைந்து படிந்துவிட்டால் கேத்தலின் ஆவியில் சில விநாடி காட்டுங்கள், நிமிர்ந்துவிடும். இறகு நனைந்த அம்பை வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிது என்று அம்பை மாற்ற நினைப்பவர்களும் உண்டு. 15, 20 மீற்றரில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காலைக் குளிரில் விறைத்த விரல் அதைவிடப் பெரிய பிழை செய்யும், கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

எல்லாம் நின்ற பிறகு நொக் முடிச்சுகளுக்கு ஒரு சொட்டு சூப்பர் குளூ. வில்லின் உட்பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாளில் நான்கு விடயம் எழுதி ஒட்டுங்கள்: பிடி, நாண் உயரம், மேல் கீழ் டில்லர் அளவு, நொக் புள்ளியின் உயரம். நாண் அறுந்து புது நாண் போடும் நாளில் இந்த நான்கும் கையிலிருந்தால், ஒரு மாத வேலை அரை மணியில் முடியும். புது நாணில் முதல் நூறு அம்பு வரை முடிச்சுக்குப் பசை போடாதீர்கள்.